பின்பக்க சஸ்பென்ஷன்: தூக்குவதற்கு முன் எடை போடுங்கள்

ஆஃப்-ரோடு வண்டிக்காரர்கள் சஸ்பென்ஷன் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு சீக்கிரமே உயரத்துக்குப் போய்விடும். இரண்டு அங்குலம் தூக்கலாமா, மூன்று தூக்கினால் பிரச்சினை வருமா, எந்த கிட் (ஸ்பிரிங், ஷாக் எல்லாம் சேர்ந்து வரும் தொகுப்பு) நன்றாக இருக்கும் என்று. உயரம் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் கேட்க வேண்டியது, வண்டியின் பின்பக்கம் அன்றாடம் எவ்வளவு எடை சுமக்கிறது என்பது. அதற்குப் பதில் கையில் இருந்தால் ஸ்பிரிங், ஷாக், உயரம் எல்லாம் அதிலிருந்தே வந்துவிடும். பதில் தெரியாமல் வாங்கிப் போட்டால், எவ்வளவு நல்ல கிட்டாக இருந்தாலும் வண்டி முன்பு ஓடியதைவிட மோசமாக ஓட வாய்ப்பு நிறையவே உண்டு.

புதிதாக இதில் இறங்குபவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். இரண்டு பின் சக்கரங்களும் ஒரே ஆக்ஸிலில், நடுவில் டிஃபரென்ஷியல் குண்டோடு (இன்ஜின் சக்தியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) இருக்கும் சாலிட் ஆக்ஸில் வண்டிகள்தான் என் மனதில் இருப்பவை. ஜீப் ராங்லர், சுசூகி ஜிம்னி, மஹிந்திரா தார், டொயோட்டா ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர் எல்லாம் பின்பக்கம் இந்த வகைதான்.

பின்பக்கம் ஏன் தனிக் கதை

முன்பக்கத்தின் மேல் இருக்கும் எடை அவ்வளவாக மாறாது. இன்ஜின் எப்போதும் அங்கேயேதான் இருக்கிறது. பின்பக்கம் அப்படியில்லை. இன்றைக்கு ஓட்டுநர் மட்டும் போவார். நாளைக்குப் பின் சீட்டில் மூன்று பேர், டிக்கியில் கூடாரம், தண்ணீர் கேன், கருவிப்பெட்டி, கயிறு, கூரை மேல் ரேக். கம்பெனிக்காரர்கள் இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் எங்கோ ஒரு சமரசம் செய்து ஸ்பிரிங் போட்டு அனுப்புகிறார்கள். பெரும்பாலும் அந்தச் சமரசம் காலி வண்டியின் பக்கமாகச் சாய்ந்திருக்கும், ஏனென்றால் ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் போகிறவர் காலி வண்டியில்தான் போகிறார்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. எடை எவ்வளவு என்பதோடு, எங்கே வைக்கிறோம் என்பதும் கணக்கு. வண்டியின் வீல்பேஸ், அதாவது முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் உள்ள தூரம், 2.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரும்புப் பம்பர், அதில் ஒரு ஸ்டெப்னி, இரண்டு எரிபொருள் கேன் என்று மொத்தம் 100 கிலோவைப் பின் ஆக்ஸிலிலிருந்து 1 மீட்டர் பின்னால் மாட்டுகிறீர்கள். பின் ஆக்ஸிலில் கூடும் எடை 100 கிலோ இல்லை, 140 கிலோ. அந்த உபரி 40 கிலோ முன் ஆக்ஸிலிலிருந்து கழன்று வந்தது. பின் ஆக்ஸில் நடுத்தாங்கியாகி, வண்டியின் மூக்கை எடை கொஞ்சம் தூக்கிவிடுகிறது. விளைவு, ஸ்டியரிங் லேசாகிவிடும், முன் சக்கரங்களின் பிரேக் பிடிமானம் குறையும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். பின்பக்கம் தொங்குவது அழகுப் பிரச்சினை மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இந்த 40 கிலோவை யோசித்துப் பார்க்கலாம்.

மூன்று வேலை, மூன்று ஆள்

சஸ்பென்ஷன் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே மூன்று வேலைகள் நடக்கின்றன. எடையைத் தாங்குவது ஸ்பிரிங்கின் வேலை. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை. ஆக்ஸில் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகராமல் அதன் இடத்தில் பிடித்து வைப்பது ஆர்ம்கள், ராடுகள், அவற்றின் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்கள் ஆகியவற்றின் வேலை. பட்டைத் தகடுகளை அடுக்கிக் கட்டிய லீஃப் ஸ்பிரிங் வண்டியில் மட்டும் முதல் வேலையையும் மூன்றாவது வேலையையும் ஸ்பிரிங்கே பார்த்துக்கொள்கிறது.

இது தெளிவாகிவிட்டால் ஒரு பெரிய வீண்செலவைத் தவிர்க்கலாம். "வண்டி பின்னால் தொங்குகிறது, ஷாக் போய்விட்டது போல" என்று ஷாக்கை மாற்றுகிறவர்கள் ஏராளம். ஷாக் எடையைத் தாங்குவதில்லை. வாயு நிரப்பிய ஷாக் கொஞ்சம் மேல்நோக்கித் தள்ளும், அவ்வளவுதான். தொங்கும் வண்டிக்கு எத்தனை விலை உயர்ந்த ஷாக் போட்டாலும் அது தொங்கிக்கொண்டேதான் இருக்கும். மேடு தாண்டிய பிறகும் வண்டி இரண்டு மூன்று முறை ஆடுகிறது என்றால் அது ஷாக்கின் குறை, அதற்கு ஸ்பிரிங் மாற்றிப் பலன் இல்லை. வளைவில் பின்பக்கம் தனியாக நழுவுவது போல உணர்ந்தால் புஷ் தேய்ந்திருக்கலாம், அப்போது ஸ்பிரிங்கும் வேண்டாம், ஷாக்கும் வேண்டாம்.

ஸ்பிரிங்: ஒரு சின்னக் கணக்கு

ஒரு ஸ்பிரிங்கை 1 மில்லிமீட்டர் அமுக்க எத்தனை கிலோ வேண்டும் என்பதுதான் ஸ்பிரிங் ரேட். எளிமைக்காக ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். காலியாக நிற்கும்போது பின்பக்கம் ஒவ்வொரு காயில் (சுருள்) ஸ்பிரிங்கும் 300 கிலோ தாங்குகிறது. ரேட் மி.மீ.க்கு 3 கிலோ. அப்படியானால் ஸ்பிரிங் 100 மி.மீ. அமுங்கி நிற்கும். இப்போது பின் ஆக்ஸில் மேல் 200 கிலோ கூடுதலாக ஏற்றுகிறோம், பக்கத்துக்கு 100 கிலோ. ஸ்பிரிங் இன்னும் 33 மி.மீ. அமுங்கும். மேலே ஏறுவதற்கு மொத்தம் 80 மி.மீ. இடம்தான் இருந்தது என்றால் மிச்சம் 47. அடுத்த பள்ளத்திலேயே ஆக்ஸில் பம்ப் ஸ்டாப்பில், அதாவது அது அதற்கு மேல் ஏறாமல் தடுக்கும் ரப்பர் கட்டையில், போய் இடிக்கும்.

சரி, அதே நீளத்தில், மி.மீ.க்கு 4 கிலோ ரேட் உள்ள ஸ்பிரிங்கைப் போடுகிறோம். பாரத்தோடு 400 கிலோவுக்கு 100 மி.மீ. அமுங்கும். அதாவது பழைய ஸ்பிரிங்கில் காலி வண்டி நின்ற அதே உயரம். காலியாக இருந்தால் 75 மி.மீ.தான் அமுங்கும், எனவே வண்டி முன்பைவிட 25 மி.மீ. உயரமாக நிற்கும். பாருங்கள், உயரத்தை யாரும் தனியாகக் கேட்கவில்லை. எடைக்கு ஏற்ற ஸ்பிரிங் போட்டோம், உயரம் கூடவே வந்தது. நல்ல கிட் தயாரிப்பவர்கள் இப்படித்தான் யோசிக்கிறார்கள். அதனால்தான் ஒரே வண்டிக்குப் பின்பக்க ஸ்பிரிங் மூன்று நான்கு வகைகளில் கிடைக்கும். கூடுதல் எடை இல்லை என்றால் ஒன்று, நிரந்தரமாக 200 கிலோ என்றால் ஒன்று, 400 கிலோ என்றால் இன்னொன்று என்று.

அந்த "நிரந்தரமாக" என்ற சொல்லைக் கவனியுங்கள். வருடத்தில் ஒருமுறை வண்டி நிறைய ஏற்றிப் போகிறவர் அந்த ஒரு பயணத்துக்காக 400 கிலோ ஸ்பிரிங் போட்டால், மீதி நாளெல்லாம் கட்டைவண்டியில் போவது போல இருக்கும். இடுப்பு வலி ஒருபக்கம் இருக்கட்டும், பிடிமானமும் போகும். காலி வண்டிக்கு மிகக் கடினமான ஸ்பிரிங் சின்ன மேடுகளில் அமுங்கவே செய்யாது, சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். தரையில் இல்லாத சக்கரம் இழுக்கவும் செய்யாது, பிரேக்கும் பிடிக்காது. எனவே எப்போதும் வண்டியிலேயே கிடக்கும் எடையைக் கூட்டுங்கள்: பம்பர், டிராயர் பெட்டி, இரண்டாவது பேட்டரி, தண்ணீர் டேங்க், டிரெய்லர் மாட்டும் ஹிட்ச். இறக்கி வைக்கிறவை அந்தக் கணக்கில் வராது. எடை அடிக்கடி மாறுகிறது என்றால் இரட்டை ரேட் அல்லது புரோகிரெசிவ் ஸ்பிரிங் உதவும். அதில் ஒரு பகுதிச் சுற்றுகள் நெருக்கமாக இருக்கும், முதலில் அவை மூடிக்கொள்ளும், அதன்பின் மீதிச் சுற்றுகள் மட்டும் வேலை செய்வதால் ஸ்பிரிங் கடினமாகும்.

ஸ்பிரிங்கின் கடினம் எதில் இருக்கிறது என்பதும் தெரிந்திருப்பது நல்லது. காயில் கம்பியின் தடிமன் 10 சதவீதம் கூடினால் கடினம் ஏறக்குறைய 46 சதவீதம் கூடும், ஏனென்றால் தடிமன் நான்காம் படியாகக் கணக்கில் வருகிறது. இரண்டு ஸ்பிரிங்குகளைப் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு ஒன்று போலவே தெரியும், ஓடும்போது வேறு வண்டி. சுற்றுகளின் எண்ணிக்கை குறைந்தாலும் கடினம் கூடும். ஸ்பிரிங்கை வெட்டிக் குட்டையாக்குகிறவர்கள் உயரத்தைக் குறைப்பதாக மட்டும் நினைக்கிறார்கள், ஆனால் எட்டுச் சுற்றில் ஒன்றை வெட்டினால் ஸ்பிரிங் 14 சதவீதம் கடினமாகிறது. வெட்டிய முனை ஸ்பிரிங் தாங்கும் தட்டில் ஒழுங்காக உட்காராது என்பது தனி.

லீஃபா, காயிலா

பழைய வண்டிகள் கிட்டத்தட்ட எல்லாமே லீஃப். 1970-இல் வந்த ரேஞ்ச் ரோவர் நான்கு சக்கரத்துக்கும் நீளமான காயில் ஸ்பிரிங் போட்டு, காடுமேட்டு வண்டியும் சொகுசாக ஓடலாம் என்று காட்டியது. ஜீப் ராங்லர் 1997 மாடலில் காயிலுக்கு மாறியது. 1998-இல் வந்த மூன்றாம் தலைமுறை ஜிம்னியும் காயில்தான். தார் 2010-இல் வந்தபோது பின்னால் லீஃப், 2020-இல் புது வடிவம் வந்தபோது காயில். அதற்காக லீஃப் செத்துப்போன சரக்கு என்று முடிவு கட்ட வேண்டாம். லேண்ட் குரூசர் 70 வரிசையின் பாரம் சுமக்கும் வகைகள் 1999-இல் முன்பக்கம் காயிலுக்கு மாறியபோதும் பின்பக்கம் லீஃபை விடவில்லை. பிக்கப் வண்டிகள் இன்றைக்கும் பெரும்பாலும் லீஃப்தான். பாரத்தை சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டம்) இரண்டு இடங்களில் பகிர்ந்து இறக்கும், கூடுதல் ஆர்ம்கள் வேண்டாம், காட்டுக்குள் ஒரு பிளேட் உடைந்தாலும் எப்படியாவது கட்டி வீடு வந்து சேரலாம்.

லீஃபின் சங்கடம் பிளேட்டுகளுக்கு இடையிலான உராய்வு. ஒன்றன் மேல் ஒன்று தேய்ந்துதான் வளைய வேண்டும். துருவும் சேறும் சேர்ந்தால் சின்ன மேடுகளில் பிளேட் கட்டு அசையாமலே நின்றுவிடும். பரபோலிக் லீஃப் இதற்கு ஒரு நல்ல மாற்று. நடுவில் தடித்து ஓரத்துக்கு மெலிந்து போகும் இரண்டு மூன்று பிளேட்டுகள், இடையில் இடைவெளி, உராய்வு மிகக் குறைவு. உராய்வு கொடுத்துவந்த இலவச அடக்கம் போய்விடுவதால் நல்ல ஷாக் கூடவே தேவைப்படும்.

தொங்கிப்போன கட்டுக்கு ஒரு பிளேட் கூடுதலாகச் சேர்ப்பது பழைய வழக்கம். பழைய பிளேட்டுகள் இன்னும் வளைவோடு இருந்தால் இது வேலை செய்யும். எல்லாமே தட்டையாகிவிட்ட கட்டில் ஒரு புது பிளேட்டைச் சொருகினால் மொத்தப் பாரமும் அந்த ஒன்றின் தலையில் விழும், அது கொஞ்ச நாளில் மற்றவற்றோடு சேர்ந்து படுத்துவிடும். அந்த நிலைமையில் முழுக் கட்டையும் மாற்றுவதே மேல். லீஃபின் ஒரு முனையை சேஸிஸோடு இணைக்கும் ஆடும் பிடியான ஷேக்கிளை நீளமாக்குவதும் உண்டு. 50 மி.மீ. நீளமான ஷேக்கிள் போட்டால் கட்டின் ஒரு முனை மட்டும்தான் நகர்கிறது என்பதால் ஆக்ஸில் இருக்கும் நடுப்பகுதியில் கிடைக்கும் உயரம் ஏறக்குறைய பாதி, 25 மி.மீ. ஆக்ஸிலுக்கும் கட்டுக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்துத் தூக்குவது எனக்குப் பிடிக்காத வழி. இரும்புக் கட்டை உயர உயர, ஆக்ஸில் முறுக்கும்போது லீஃபை வளைக்கும் நெம்புகோல் நீள்கிறது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் லீஃப் எஸ் வடிவத்தில் முறுக்கி, திடீரென்று விட்டுக்கொடுத்து, சக்கரம் தடதடவென்று குதிக்கும். கட்டை மேல் கட்டை அடுக்குவதைப் பற்றி என்னிடம் கேட்கவே வேண்டாம்.

ஷாக்: ஆட்டத்தைச் சூடாக மாற்றும் கருவி

ஸ்பிரிங் சக்தியைச் சேமித்துத் திருப்பிக் கொடுக்கும், விழுங்காது. அதை விழுங்குவது ஷாக். உள்ளே பிஸ்டனில் இருக்கும் சின்னத் துளைகள், வால்வுகள் வழியே எண்ணெய் பிதுங்கி ஓடுகிறது, ஆட்டத்தின் சக்தி சூடாகி வெளியே போகிறது. இதனால்தான் கரடுமுரடான பாதையில் வெகுநேரம் ஓடிய பின் ஷாக் கொதிக்கிறது. வண்டி நின்றதும் நான்கு ஷாக்குகளின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட்டுவிடாதீர்கள், சுடும். மூன்று சூடாக, ஒன்று மட்டும் குளிர்ச்சியாக இருந்தால் அந்த ஒன்று வேலை செய்யவில்லை.

அதிகம் சூடானால் எண்ணெய் நீர்த்து, நுரைத்து, ஷாக் களைத்துப்போகும். டிவின் டியூப் வகையில் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய், எண்ணெயும் வாயுவும் ஒரே இடத்தில் இருப்பதால் நுரைக்க வாய்ப்பு அதிகம். மோனோ டியூப் வகையில் நகரும் பிஸ்டன் ஒன்று நைட்ரஜனைத் தனியே பிரித்து வைக்கிறது, சூடும் நேராக வெளிச்சுவர் வழியே போகிறது. ஆனால் அந்த வெளிச்சுவரில்தான் பிஸ்டன் உரசி ஓடுகிறது, பாறை இடித்து ஒரு நசுங்கல் விழுந்தால் ஷாக் அதோடு நின்றது. டிவின் டியூப் அந்த மாதிரி அடியைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். தனி டப்பா வைத்த ரிசர்வாயர் ஷாக்கில் எண்ணெய் அதிகம், சூடு மெதுவாக ஏறும். பார்க்கவும் பந்தாவாக இருக்கும், அதனாலேயே பலர் வாங்குகிறார்கள். மணிக்கணக்கில் அலையலையான மண் சாலையில் வேகமாகப் போகிறவருக்கு அது தேவை. மெதுவாகப் பாறை ஏறுகிறவருக்குப் பெரிய பலன் இல்லை.

ஷாக்கின் அடக்கம் ஸ்பிரிங்குக்குப் பொருந்த வேண்டும். கடினமான ஸ்பிரிங்குக்கு மெலிந்த ஷாக் போட்டால், மேட்டில் ஏறி இறங்கியதும் வண்டியின் பின்புறம் உதைத்து எழும். மென்மையான ஸ்பிரிங்குக்கு மிகக் கடினமான ஷாக் போட்டால் வேறு தொல்லை. அலைச் சாலையில் சக்கரம் மேலே ஏறும், கீழே இறங்குவதற்குள் அடுத்த அலை வந்துவிடும், இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்து வண்டி பம்ப் ஸ்டாப் மேலேயே உட்கார்ந்து ஓடும். ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் ஒரே தயாரிப்பாளரிடம் ஜோடியாக வாங்கச் சொல்வது இதனால்தான்.

உயரத்தால் கிடைப்பதும் கிடைக்காததும்

ஸ்பிரிங் மாற்றி 50 மி.மீ. தூக்கினால் டிஃபரென்ஷியலுக்குக் கீழே இருக்கும் இடைவெளி எவ்வளவு கூடும்? ஒன்றுமே கூடாது. ஆக்ஸில் சக்கரங்களோடு நேராகப் பிணைந்திருக்கிறது, ஸ்பிரிங் அதற்கு மேலே இருக்கிறது. ஆக்ஸிலைத் தரையிலிருந்து தூக்குவது டயர் மட்டும்தான், அதுவும் விட்டம் 50 மி.மீ. கூடினால் இடைவெளி கூடுவது 25. ஸ்பிரிங் தூக்குவது பாடியையும் சேஸிஸையும். அதனால் பள்ளத்திலிருந்து ஏறும்போது பின் பம்பர் தரையில் இடிப்பது குறையும், மேட்டின் முகட்டில் வயிறு தட்டுவது குறையும், பெரிய டயருக்கு இடம் கிடைக்கும், சக்கரம் மேலே ஏறுவதற்கும் கொஞ்சம் கூடுதல் தூரம் கிடைக்கும். பதிலுக்கு எடை மையம் உயரும், பக்கச் சரிவில் வண்டி சீக்கிரம் பயமுறுத்தும்.

உயரத்தோடு கூடவே நகரும் சில பாகங்கள் உண்டு. காயில் வண்டிகளில் ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது பன்ஹார்ட் ராடு. ஒரு முனை சேஸிஸில், மறுமுனை ஆக்ஸிலில். வண்டி உயர்ந்தால் ராடு மேலும் சாய்ந்து, ஆக்ஸிலைத் தன் சேஸிஸ் முனையின் பக்கமாக இழுக்கும். 50 மி.மீ. வரை இது பெரும்பாலும் சில மில்லிமீட்டர் சமாச்சாரம், பலர் கண்டுகொள்வதில்லை. அதற்கு மேல் போனால் நீளம் மாற்றக்கூடிய ராடு வாங்க வேண்டியிருக்கும்.

இன்ஜின் பக்கத்திலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பிராப்பெல்லர் ஷாஃப்ட் இன்னும் கறாரானது. அதன் முனைகளில் உள்ள மடங்கும் மூட்டான யுனிவர்சல் ஜாயின்ட் சாய்வாக இருக்கும்போது ஒரே சீராகச் சுற்றுவதில்லை, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகமெடுத்து இரண்டு முறை தணியும். ஷாஃப்டின் மறுமுனையில் இருக்கும் ஜாயின்ட் அதே அளவு சாய்வில் இருந்தால் இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்துவிடும். தூக்கியதும் இரண்டு சாய்வும் வேறுபட்டால் குறிப்பிட்ட வேகத்தில் வண்டி முழுக்க அதிர்வு வரும். வீல் பேலன்ஸ் எத்தனை முறை செய்தாலும் போகாத அதிர்வுக்கு இங்கேதான் காரணம் தேட வேண்டும். லீஃப் வண்டியில் ஆப்புத் தகடு வைத்தும், காயில் வண்டியில் ஆர்ம் நீளத்தை மாற்றியும் இதைச் சரிசெய்வார்கள்.

யாரும் சொல்லாமல் விடுவது ஒன்று இருக்கிறது. பல பிக்கப் வண்டிகளிலும் சில எஸ்யூவிகளிலும் பின் ஆக்ஸிலிலிருந்து சேஸிஸுக்கு ஒரு மெல்லிய கம்பி போகும், அதன் முனையில் கைப்பிடி அளவு வால்வு. பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்பப் பின் பிரேக்குக்கு அழுத்தத்தை விடுவது அதன் வேலை. வண்டி காலி என்றால் குறைவாக, பாரம் என்றால் அதிகமாக. நீங்கள் 50 மி.மீ. தூக்கிவிட்டால், பாரம் ஏற்றியிருந்தாலும் வண்டி காலி என்றே அந்த வால்வு நம்பும். பின் பிரேக் பலவீனமாகும். கம்பிக்கு ஏற்ற பிராக்கெட்டோ சரியான அளவு மாற்றமோ இல்லாமல் வேலையை முடித்ததாகச் சொல்லும் மெக்கானிக்கை நம்பாதீர்கள். புதிய வண்டிகளில் இந்த வேலையை ஏபிஎஸ் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்வதால் வால்வு இல்லாமலும் இருக்கலாம், குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

அப்புறம் ஏர் பேக். காயிலுக்குள் அல்லது லீஃபுக்கு மேலே காற்றுப் பை வைத்து, பாரம் ஏற்றும்போது மட்டும் காற்றடிப்பது. அளவோடு பயன்படுத்தினால், எப்போதாவது மட்டும் பாரம் ஏற்றுகிறவருக்கு நல்ல தீர்வு. லீஃப் வண்டியில் ஒரு ஆபத்து உண்டு. முன்பு கட்டின் இரு முனைகள் வழியாக சேஸிஸுக்குப் போன பாரம் இப்போது ஆக்ஸிலுக்கு நேர்மேலே ஒரே புள்ளியில் குத்துகிறது. பின்னால் நீண்டு தொங்கும் பாரம், அதற்குப் பின்னால் டிரெய்லர், பள்ளமான சாலை எல்லாம் சேர்ந்தால் சேஸிஸ் அந்த இடத்திலேயே வளைந்துவிடும். இப்படி வளைந்த பிக்கப்களின் படங்கள் ஏராளம். பின்பக்கம் நிமிர்ந்து நிற்பதால் பாரம் குறைந்துவிடவில்லை. ஸ்பிரிங்குக்கும் இதே பேச்சுதான், வண்டியின் மொத்த எடை வரம்பு பிளேட்டில் எழுதியதுதான், கிட் போட்டதால் ஆக்ஸிலும் பேரிங்கும் பிரேக்கும் பலம் பெற்றுவிடாது. இத்தகைய மாற்றங்களுக்கு அனுமதி வேண்டும் என்ற சட்டம் பல நாடுகளில் இருக்கிறது, காப்பீட்டிலும் சிக்கல் வரலாம். வாங்கும் முன் விசாரித்துவிடுங்கள்.

அளப்பதும் மாட்டுவதும்

வாங்குவதற்கு முன் ஒரு டேப் எடுத்துக்கொண்டு சமதளத்தில் நிறுத்துங்கள். சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே ஃபெண்டர் வளைவின் விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதுங்கள். காலியாக ஒருமுறை, வழக்கமான பாரத்தோடு ஒருமுறை. தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் தேய்மானமும் கணக்கைக் கெடுக்கும். எடை மேடை கிடைத்தால் பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி எடை பாருங்கள். ஊகத்தில் சொன்ன எடைக்கும் மேடை காட்டும் எடைக்கும் உள்ள வித்தியாசம் உங்களை ஆச்சரியப்படுத்தும். இடமும் வலமும் சில மில்லிமீட்டர் வேறுபடுவது சகஜம். ஓட்டுநரும் எரிபொருள் டேங்கும் ஒரு பக்கமாக இருப்பதால் சில கிட்டுகளில் ஒரு பக்க ஸ்பிரிங் கொஞ்சம் உயரமாகவே வரும், பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து மாட்டுங்கள்.

ஷாக்கின் நீளத்தைப் பாடி உயரத்தை வைத்து வாங்காதீர்கள். ஆக்ஸில் முழுதாக மேலே ஏறிப் பம்ப் ஸ்டாப்பைத் தொடும்போதும் ஷாக்கில் ஒரு விரல் அகலமாவது மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஷாக்கே பம்ப் ஸ்டாப்பாகிவிடும், இரண்டு மூன்று இடியில் அதன் மேல் பிடி பிய்ந்துவிடும். ஆக்ஸில் முழுதாகக் கீழே தொங்கும்போது பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர், ஹேண்ட்பிரேக் கேபிள், டிஃபரென்ஷியலின் மூச்சுக்குழாய் எதுவும் விறைக்கக் கூடாது. ஒரு சக்கரம் மேலேயும் மறு சக்கரம் கீழேயும் இருக்கும் நிலையிலும் பார்க்க வேண்டும், ஆஃப்-ரோட்டில் ஆக்ஸில் பாதி நேரம் அப்படித்தான் இருக்கும். வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் பின்பக்க ஸ்வே பாரைக் கழற்றினால் இந்தச் சாய்வு அதிகமாகும். பாறையில் அது நல்லது, நெடுஞ்சாலையில் வளைவில் வண்டி படுக்கும். கழற்றி மாட்ட வசதியாக இருந்தால்தான் நான் அதைப் பரிந்துரைப்பேன்.

வேலை செய்யும்போது சேஸிஸுக்குக் கீழே ஸ்டாண்ட் வைத்தே தீர வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் போகக் கூடாது. சாலிட் ஆக்ஸில் காயில் வண்டியில், இரண்டு பக்க ஷாக்கையும் கழற்றி ஆக்ஸிலை மெதுவாக இறக்கினால் பல சமயம் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும், அமுக்கும் கருவி தேவைப்படாது. லீஃப் வண்டியில், ஆக்ஸிலை லீஃபோடு கட்டும் பழைய யூ போல்ட்டைத் திரும்ப மாட்டாதீர்கள். அது இறுக்கும்போதே நீண்டு பிடிக்கும் வகை, இரண்டாம் முறை அதே பிடி கிடைக்காது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஆர்ம், ஷேக்கிள், லீஃப் கண் (லீஃபின் முனையில் உள்ள வளையம்) ஆகிய இடங்களில் இருக்கும் ரப்பர் புஷ் சுழலுவதில்லை, முறுக்கிக்கொள்கிறது. வண்டியைத் தூக்கி, சக்கரங்கள் தொங்கும் நிலையில் அந்த போல்ட்டுகளை இறுக்கிவிட்டால், சக்கரம் தரையில் இறங்கியதும் புஷ் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். உயரம் சில மில்லிமீட்டர் தவறாகக் காட்டும், ரப்பரும் சீக்கிரம் கிழியும். போல்ட்டுகளைத் தளர்வாக மாட்டி, வண்டியைச் சக்கரங்களின் மேல் இறக்கி, இரண்டு மூன்று முறை அமுக்கி ஆட்டி, அதன்பிறகு முழு டார்க்கில் (சொல்லப்பட்ட முறுக்கு அளவில்) இறுக்க வேண்டும். அவசரத்தில் இந்தப் படியைத் தாண்டிவிடுவார்கள், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டியதும் ஹெட்லைட்டின் சாய்வைச் சரிசெய்யுங்கள். காலித் திடலில் மெதுவாக ஆரம்பித்து பிரேக் அடித்துப் பாருங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட் உட்பட எல்லா போல்ட்டுகளையும் திரும்பவும் டார்க் பாருங்கள். புது ஸ்பிரிங் முதல் சில வாரங்களில் கொஞ்சம் படியும், எனவே மாட்டிய அன்றைக்கே அளந்து எழுதி வைத்த அளவுகளோடு நான்கு மூலையையும் மறுபடி அளந்து ஒப்பிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு இறங்கியிருந்தால் விட்டுவிடலாம். ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்தால் அந்தப் பக்க ஸ்பிரிங் அதன் தட்டில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.